முடிவு தெரிந்த தேர்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஹூஸ்டனில் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. லிங்கனின் குடியரசுக் கட்சி இன்று பழமைவாதிகளின் கட்சியாகவும், ஒருகாலத்தில் நிறவெறியர்களின் கூடாரமாக இருந்த ஜனநாயகக் கட்சி தாராளவாதிகளின் கட்சியாகவும் ஆனது எப்படி? இவர்களுக்குச் சித்தாந்தம் என்று ஏதேனும் உண்டா? டெக்சாஸில் எந்தக் கட்சி வெல்லும் என்பது முன்பே தெரிந்ததுதான் என்பதால் நான் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளவில்லை. இரண்டில் எது மேல் என்று தாங்கள் விளக்க வேண்டும்.

வி.

அன்புள்ள வி.,

டெக்சாஸின் பழைய வாக்குரிமை வழக்குகளைச் சில வாரங்களாக வாசித்துவருகிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசிக்கு முந்தைய வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1964-இல் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமையுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் உங்கள் மாநிலத்தவரான லிண்டன் ஜான்சன், ஜனநாயகக் கட்சிக்காரர். அதை எதிர்த்து வாக்களித்த பாரி கோல்ட்வாட்டரை அவ்வாண்டே குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளராக்கியது. அவர் நாடு முழுவதும் படுதோல்வி அடைந்தபோதும், தெற்கின் ஐந்து மாநிலங்கள் அவர் பக்கம் நின்றன. அதன்பின் தெற்கு வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்சி மாறினார்கள். வரி, தொழிற்சங்கம், மதம் என்று வேறு காரணங்களும் இருந்தன. எந்தக் கட்சி மேல் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதைக் கண்டடைவது குடிமகனாகிய உங்கள் வேலை.

முடிவு தெரிந்த தேர்தலில் வாக்களித்து என்ன பயன் என்கிறீர்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உங்கள் டெக்சாஸ் அப்படித்தான் இருந்தது. அன்று தவறாமல் வென்றது ஜனநாயகக் கட்சி. நவம்பர் தேர்தல் வெறும் சடங்காக இருந்தது. உண்மையான போட்டி, கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் நடந்தது. அதை நன்றாக அறிந்தவர்கள்தான் 1923-இல் ஒரு சட்டம் இயற்றி, கறுப்பின மக்கள் அந்த பிரைமரியில் வாக்களிக்கக் கூடாது என்று தடுத்தார்கள். நவம்பரில் அவர்கள் வாக்களிப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. எந்த வாக்குக்கு மதிப்பு உண்டு என்பது, அதைப் பறிக்க நினைப்பவனுக்குத்தான் எப்போதும் துல்லியமாகத் தெரிகிறது.

எல் பாசோ நகரில் லாரன்ஸ் நிக்சன் என்றொரு கறுப்பின மருத்துவர் இருந்தார். அன்று வாக்களிக்க வரி கட்ட வேண்டும்; 1924-இல் அந்த வாக்கு வரி கட்டிய ரசீதோடு பிரைமரியில் வாக்களிக்கச் சென்றார். வாக்குச்சாவடி அலுவலர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள், நலம் விசாரித்தார்கள். ரசீதை நீட்டியதும், உங்களை அனுமதிக்க முடியாது என்று உங்களுக்கே தெரியுமே டாக்டர் என்றார்கள். தெரியும், ஆனாலும் நான் முயன்றாக வேண்டும் என்றார் அவர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது, 1927-இல் வென்றார். உடனே மாநில அரசு, யார் வாக்களிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவிடம் கொடுத்தது. மறுபடியும் வழக்குத் தொடுத்து 1932-இல் மறுபடியும் வென்றார். இம்முறை கட்சி மாநாடே கூடித் தடையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அதை எதிர்த்து உங்கள் ஊர் முடிதிருத்துநர் குரோவி போட்ட வழக்கில், கட்சி என்பது தனியார் அமைப்பு, தன் உறுப்பினர்களை அது தேர்ந்துகொள்ளலாம் என்று 1935-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கைவிரித்தது. லோனி ஸ்மித் என்ற பல் மருத்துவர், அவரும் ஹூஸ்டன்காரர்தான், தொடுத்த வழக்கில் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வாதாடி, 1944-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த 1935 தீர்ப்பு தூக்கியெறியப்பட்டது. அவ்வாண்டு பிரைமரியில் டாக்டர் நிக்சன் தன் மனைவியோடு சென்று வாக்களித்தார். இருபது வருடங்கள், வி. ஒரே கட்சி வெல்லும் மாநிலத்தில் ஒரு வாக்குக்காக!

சென்ற முறை உங்கள் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு தமிழர் வீட்டு விருந்தில் அமர்ந்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் தமிழ்நாட்டுத் தொகுதிகளை ஒவ்வொன்றாக அலசினார்கள்; எந்தச் சாதி எந்தப் பக்கம் என்று விரல்விட்டு எண்ணினார்கள். இங்கே உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கல்வி வாரியத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வாரியம் விதிக்கும் சொத்து வரியைப் பற்றி மட்டும் அத்தனை பேரும் புலம்பினார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. விசா நீட்டிப்புக்கும் பச்சை அட்டைக்கும் பல வருடங்கள் காத்திருந்தவர், யார் கண்ணிலும் படாமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகியிருப்பீர்கள். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்டுக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். 1923-இல் பகத் சிங் திந்த் என்ற இந்தியக் குடியேறியின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்றது அதே உச்ச நீதிமன்றம். 1946-இல் அது மாறியபோதும் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கீடு. ஜான்சன் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டத்திலும் அக்டோபரில் அந்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்த குடியேற்றச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். இரண்டையும் நிறைவேற்றியது ஒரே நாடாளுமன்றம். தெற்கின் தெருக்களில் அடிவாங்கிய கறுப்பின மக்கள் அந்நாட்டின் மனசாட்சியை உலுக்கியிராவிட்டால், உங்கள் விமானச் சீட்டு இல்லை.

வாக்குரிமைச் சட்டத்தின் முன்னனுமதி விதிகள், அதாவது சில மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்பவை, முதலில் டெக்சாஸுக்குப் பொருந்தவில்லை. 1975-இல் அவற்றை டெக்சாஸுக்கும் நீட்டிக்கப் போராடியவர் ஹூஸ்டனின் காங்கிரஸ் உறுப்பினர் பார்பரா ஜோர்டன். அன்று சேர்க்கப்பட்ட மொழிச் சிறுபான்மையினர் பிரிவின்படிதான் உங்கள் ஹாரிஸ் கவுன்டியின் வாக்குச்சீட்டில் இன்று வியட்நாமியமும் சீனமும் இருக்கின்றன. 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்த முன்னனுமதி முறையைச் செயலிழக்கச் செய்த அன்றே, வாக்களிக்க அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற தன் சட்டத்தை டெக்சாஸ் நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. அதில் துப்பாக்கி உரிமம் செல்லும்; கல்லூரி மாணவர் அட்டை செல்லாது.

உங்கள் மாநிலத்தில் பிரைமரி மார்ச் மாதம் நடக்கிறது. கட்சியில் பதிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எவரும் வாக்களிக்கலாம். ஆனால் வாக்காளர் பதிவு முப்பது நாட்களுக்கு முன்பே முடிந்துவிடும். விண்ணப்பத்தை இந்த வாரமே நிரப்பி அனுப்புங்கள். சித்தாந்தங்களைப் பற்றி அதன்பின் எழுதுங்கள், விரிவாகவே பேசலாம்.