அழுதவரிடம் என்ன வீரம்?

கேள்வி: ரோமானியக் கவிஞர் ஓவிட் நாடு கடத்தப்பட்ட பிறகு எழுதிய கவிதைகளைத் துணிச்சலான எழுத்து என்று போன இதழில் பாராட்டியிருந்தீர்கள். நான் படித்த வரையில் அழுகை, பேரரசருக்குத் துதி, 'வேறு ஊருக்காவது மாற்றுங்கள்' என்ற கெஞ்சல், அவ்வளவுதான். இதில் துணிச்சல் எங்கே? (வாசகர், திருச்சி)

பதில்: அழுதார், துதி பாடினார். இரண்டும் உண்மை. அந்தத் துதி வரிகளைப் படிக்க எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அதோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

கி.பி. 8-இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்துத் தோமிஸுக்கு அனுப்பினார். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா அது. செனட்டும் விசாரிக்கவில்லை, நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. ஒரு கவிதையும் ஒரு பிழையும் தன்னைக் கெடுத்தன என்கிறார் ஓவிட். கவிதை, 'காதல் கலை'. பிழை என்னவென்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.

நாடு கடத்தப்பட்ட பிறகு எழுதிய 'துயரங்கள்' நூலின் இரண்டாம் பகுதி முழுக்க அகஸ்டஸுக்கு எழுதிய ஒரே நீண்ட கவிதை. மன்னிப்பு கேட்பதாகத் தொடங்குகிறது. போகப் போக வழக்காடுகிறது. 'என் கவிதையைப் படிக்க உங்களுக்கு நேரம் இருந்திருந்தால் அதில் குற்றமே இல்லை என்று கண்டிருப்பீர்கள்' என்கிறார். அதாவது, படிக்காமலே தண்டித்தீர்கள்! அதோடு விடவில்லை. 'உங்களுடைய கவிஞர் வர்ஜிலின் காவியத்திலேயே மக்கள் அதிகம் படிப்பது டைடோ அரசியின் முறையற்ற காதலைத்தானே' என்றும் கேட்கிறார். தண்டனையை ரத்து செய்யும் அதிகாரம் உள்ள ஒரே ஆளிடம் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அப்புறம், மூன்றாம் பகுதியில் பெரில்லா என்ற இளம் கவிஞருக்கு எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து தேடிப் படியுங்கள். நாடு, வீடு, உறவு எல்லாம் பறிபோயின. என் திறமை மட்டும் என்னோடு இருக்கிறது, அதன் மீது சீசருக்கு (அதாவது அகஸ்டஸுக்கு) எந்த உரிமையும் இல்லை என்கிறார். யாராவது வாளால் என் உயிரை முடித்தாலும் என் புகழ் நிற்கும் என்கிறார். இதை எழுதும்போது அகஸ்டஸ் உயிரோடுதான் இருந்தார்.

கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்தார். அடுத்து வந்த டைபீரியஸும் ஓவிடைத் திரும்ப அழைக்கவில்லை. லத்தீன் கேட்கக் காது இல்லாத ஊரில், படிக்க ஆளில்லாமல் கவிதை எழுதுவது இருட்டில் ஆடுவது போல என்று ஒரு நண்பருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தையும் கவிதையாகத்தான் எழுதினார்.