வண்டிக்கு அடியில்

அன்புள்ள ஐயா,

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய பெரிய எஸ்யூவி. ஃபோர் வீல் டிரைவ், ஆட்டோமேட்டிக். அப்பா போன பிறகு விற்க மனம் வரவில்லை. வண்டி வேலைகளை முடிந்தவரை நானே செய்கிறேன். போன மாதம் சேற்றில் சிக்கியபோது குமிழைத் திருப்பி, நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் லோ போட்டு வெளியே வந்தேன். திரும்ப, பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ ஹைக்கு மாற்றியதிலிருந்து ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது இழுவையை முன்பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி, அதன் நிலையை மாற்றும் மோட்டார் பற்றி ஒரு பிழைக் குறியீடு (கோடு) வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். கியரைப் பார்க்கில் போட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் அரை மணி நேரம் படுத்துப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. மோட்டாரை நானே மாற்றலாமா? டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு எந்தக் கம்பெனி ஆயில் நல்லது? வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் கிட் போடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ நீங்கள் கேட்காமல் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. பார்க்கில் போட்டு, ஜாக்கி வைத்து, அரை மணி நேரம்! கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் அண்ணன் மகனுக்கு ஸ்டெப்னி மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். சக்கரம் தரையை விட்டு எழும்பியதுமே அவன் தலையை உள்ளே நீட்டினான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அன்றிலிருந்து இதே நினைப்பாக இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கில் போட்டால் வண்டி நிற்கும் என்று நினைக்கிறீர்கள். பார்க் பூட்டுவது கியர்பாக்ஸை மட்டும்தான். கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே உங்கள் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறது. ஃபோர் லோவிலிருந்து ஹைக்கு வரும் வழியில் அதற்குள் ஒரு நியூட்ரல் உண்டு. மாற்றம் பாதியில் நின்றால் அந்த நியூட்ரலிலேயே நிற்கலாம். அப்போது கியர்பாக்ஸ் பூட்டியிருந்தாலும் நான்கு சக்கரங்களும் சும்மா உருளும். விளக்கு மினுக்குவதற்குப் பொருளே 'சொன்ன இடத்துக்கு நான் இன்னும் போய்ச் சேரவில்லை' என்பதுதான். எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியாத டிரான்ஸ்ஃபர் கேஸை நம்பி, இரண்டு டன்னுக்குக் கீழே நெஞ்சைக் கொடுத்திருக்கிறீர்கள்.

சரி, டூ ஹையில் ஒழுங்காக விழுந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் என்ன ஆகும்? இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சாதாரண டிஃபரன்ஷியலில் பார்க் பிடித்திருப்பது அதற்கு வரும் ஷாஃப்டை மட்டும்தான். தரையில் இருக்கும் சக்கரம் முன்னே உருள, தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்றி அதற்கு வழிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் தரையில் இருக்கும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கத்தை முழுதாகத் தூக்கிவிட்டால் அதுவும் பயன்படாது, ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில்தான் இருக்கிறது. டூ ஹையில் முன்சக்கரங்களைப் பிடிக்க ஆளே இல்லை. முட்டுக்கட்டை வைத்தாக வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்களுடைய பழைய வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி லீவர். ஒரு நாள் நானும் அண்ணனும், சக்கரங்களுக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு கிரீஸ் அடித்தோம். கிரீஸ் நிப்பிள் மேல் பக்கம் திரும்பியிருந்தால் கன் எட்டாது, ஷாஃப்டைக் கையால் சுற்றிக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்காகப் பின்சக்கரத்தைத் தூக்கி, லீவரை நியூட்ரலில் போட்டோம். வேலை முடிந்து சக்கரத்தை இறக்கினோம். லீவரை யாரும் திருப்பிப் போடவில்லை. அப்புறம் முன்பக்கம் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றினேன். ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருந்தது எனக்குத் தெரியும். முதல் கியரில் நிற்கிறதே, அது போதும் என்று நினைத்தேன். தரையும் சமமாகத்தான் தெரிந்தது.

படுக்கக் குனிந்தபோது அண்ணன் பின்னாலிருந்து ஸ்பேனரை எடுத்து வா என்றார். எழுந்து திரும்பினேன். வண்டி ஒரு சாண்தான் நகர்ந்திருக்கும். ஜாக்கி சாய்ந்து, சக்கரம் இல்லாத பிரேக் டிஸ்க் தரையில் குத்தி நின்றது. நான் படுப்பதற்காக விரித்திருந்த சாக்கு அதன் அடியில் இருந்தது.

அண்ணன் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பழைய மரத்துண்டை அறுத்து இரண்டு ஆப்புக்கட்டைகள் செய்து வண்டிக்குள் போட்டார். வண்டி கைமாறிப் போய்விட்டது, அண்ணனும் இல்லை. அந்தக் கட்டைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அண்ணன் மகன் அன்று அவற்றைத்தான் சக்கரத்துக்கு வைத்தான்.

அதனால் சொல்கிறேன். கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கியதும் ஆக்சிலுக்கோ சேஸிஸுக்கோ அடியில் எடை தாங்கும் ஸ்டாண்டை வைத்து, பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்குங்கள். வெளியே நின்றபடி வண்டியை ஒருமுறை நன்றாக அசைத்துப் பாருங்கள். செங்கல் வேண்டாம், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லாத நாளில் அடியில் போகாதீர்கள், வேலை கிடந்தால் கிடக்கட்டும். அப்பாவின் வண்டியை உங்கள் கையாலேயே பார்த்துக்கொள்ள நினைக்கிறீர்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது, மிகவும் பிடித்தும் இருக்கிறது. அதற்காகவே இத்தனை கடுமையாகச் சொல்கிறேன்.

இனி மோட்டார். கோடு வந்துவிட்டது என்பதற்காக மோட்டாரை மாற்றாதீர்கள். கோடு எந்த வட்டாரத்தில் கோளாறு என்று காட்டும், எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. முதலில் வண்டியை வெளியே வெட்டவெளியில் நிறுத்தி, பிரேக்கை அழுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, குமிழை மறுபடி திருப்பிச் சில நொடிகள் காத்திருங்கள். உள்ளே பல்லோடு பல் முட்டி நின்றால் இறங்காது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து மெதுவாகச் சில அடி பின்னே எடுத்தால் இறுக்கம் விட்டு விழுந்துவிடும், பல நேரம் அவ்வளவுதான். விழவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. அடுத்து ஃபியூஸ். அதற்கடுத்து, மேலே சொன்னபடி கட்டையும் ஸ்டாண்டும் வைத்த பிறகு, மோட்டாருக்குப் போகும் கனெக்டர். சேற்றுத் தண்ணீர் புகுந்து பின்கள் பச்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். அது பெரும்பாலும் சில போல்ட்டுகளில் நிற்பதுதான், நீங்களே கழற்றலாம்.

இன்னொன்று. சேற்றில் சிக்கிய அன்றைக்கு முன் கடைசியாக எப்போது ஃபோர் வீல் போட்டீர்கள்? நீங்கள் எழுதவில்லை. உள்ளே கியரைத் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க் வருடக்கணக்கில் தொடாமல் கிடந்தால் இறுகத்தான் செய்யும். மாதம் ஒருமுறை 16 கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்லும் கையேடுகள் உண்டு. அதை மண் தரையிலோ ஈரத்திலோ செய்யுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திரும்பினால் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓட முயன்று ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும்.

ஆயில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, கையேட்டில் போட்டிருக்கும் வகை மாறக் கூடாது. சில டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் ஆயில் கேட்கும், சில ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் கேட்கும். மாற்றும்போது ஊற்றும் பிளக்கை முதலில் திறந்து பாருங்கள். அது திறக்காவிட்டால், வடித்த பிறகு ஊற்ற வழி இருக்காது. உயர்த்தும் கிட்டைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

கனெக்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எழுதும்போது ஸ்டாண்ட் வாங்கியாயிற்றா என்பதை முதல் வரியில் சொல்லுங்கள், பச்சை பூத்திருந்ததா என்பதை அப்புறம் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்.