உருளை விதைக்கிழங்கு வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கே: 'ஊட்டி விதைக்கிழங்கு' என்று இரண்டு மூட்டை கொடுத்தார் கடைக்காரர். வலைக்குடிலில் நட்டேன். பாதி அழுகிவிட்டது. கேட்டால், "உங்க மண்ணு சரியில்ல" என்கிறார். பில் இல்லை, பணத்தைப் போனில்தான் அனுப்பினேன். (ஒரத்தநாடு)

ப: உங்கள் மண்ணைக் குறை சொல்ல அவருக்கு என்ன தகுதி? நீலகிரியில், உருளைச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவாமலிருக்க, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குத் தடையே உண்டு. ஆக, சரக்கு நிஜமாகவே ஊட்டியிலிருந்து வந்திருந்தால் விதையாக விற்றது தப்பு. சந்தைக் கிழங்கு என்றால் சொன்னது பொய். அரசுச் சான்று பெற்ற விதை என்றால் மூட்டையில் நீல அட்டை தொங்கும், பில்லில் ரகமும் குவியல் எண்ணும் (லாட் நம்பர்) இருக்கும். இந்தப் பில் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. இருபது ரூபாய் ரீசார்ஜுக்கு ரசீது பார்க்கிறவர்கள், விதைக்கடையில் "தெரிஞ்சவர்தானே" என்று கையை வீசிக்கொண்டு வருகிறார்கள். சரி, நடந்தது நடந்துவிட்டது. பணம் அனுப்பிய பதிவு, மூட்டை, அழுகிய செடிகளின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. விதையில் ஏமாந்த விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. விடாதீர்கள்.

கே: விதைக்கிழங்கு நட மண்ணா, தென்னை நார்க்கழிவா? நார்க்கழிவில் இலை ஓரம் கருகுகிறது. (பேராவூரணி)

ப: மண்ணிலிருந்து வரும் வாடல் நோய்க்குப் பயந்தால் நார்க்கழிவு நல்லது, ஆனால் அதில் சத்து கிடையாது, எல்லாம் நீங்கள்தான் ஊற்ற வேண்டும். கருகலுக்குப் பெரும்பாலும் உப்புதான் காரணம். கழுவாத நார்க்கட்டியை மலிவாகத் தள்ளிவிட்டிருப்பார்கள். நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு போர் தண்ணீரில் அல்ல. உப்பை அளக்க ஆன்லைனில் நான் வாங்கிய மீட்டர் வாய்க்கால் தண்ணீருக்கும் மோருக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிறது, விலை 899.

கே: பச்சை நிழல்வலை போட்டுக் குடில் கட்டி முடித்துவிட்டேன். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வருகிறது, ஏன்? (கும்பகோணம்)

ப: நிழல்வலை வெயிலுக்கு. அசுவினிக்கு 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலை. நச்சுயிரியை (வைரஸை) கொண்டுவருவதே அசுவினிதான். அதைத் தடுக்காத குடில் எதற்கு? கட்டும் முன் கேட்டிருக்கலாம்.

கே: மண்ணே இல்லாமல், வேருக்குப் பனித்தூவலாகச் சத்து கொடுத்து விதைக்கிழங்கு எடுக்கும் யூனிட். மூன்றரை லட்சம். கிழங்கை விற்கிறவர்களே திரும்ப வாங்குவார்களாம். யூனிட்டை வாங்கலாமா? (மன்னார்குடி)

ப: வேண்டாம். தொழில்நுட்பம் நிஜம்தான், சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே செய்கிறது. ஆனால் கிழங்கு கட்ட இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். மன்னார்குடியில் அதற்கு ஏசி வைப்பீர்களா? கரண்ட் போய்ப் பம்பு நின்றால் வேர் காய்ந்துவிடும்.