திங்கட்கிழமை மட்டும் எழும்பாத கார்

வாகனக் கேள்வி – பதில்

மாரி தொடங்கிவிட்டதா என்று அறிய எனக்கு வானிலை அறிக்கை தேவையில்லை. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் போதும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பற்றரி, பியூஸ், விளக்கு. முதலாவது கடிதத்துக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு முகவர் நிறுவனத்திடம் புதிதாக வாங்கிய சிறிய பெற்றோல் கார். உத்தரவாதம் இன்னும் இருக்கிறது. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் வானிலிருந்து வயர் கொடுத்து இயக்கித் தருகிறார். பாடசாலைக்குப் பிந்தித்தான் போகிறேன். மூன்று தடவை அவர்களின் கராஜில் விட்டேன். முதல்முறை 'கோளாறு காணப்படவில்லை' என்று எழுதித் தந்தார்கள். இரண்டாம்முறை பற்றரியை மாற்றினார்கள். மூன்றாம்முறை, 'ஓடாமல் வைத்திருந்தால் அப்படித்தான் அக்கா' என்கிறார்கள். கார் வாங்கிய மாதமே நகரில் ஒரு கடையில் முன்கண்ணாடிக் கமரா பூட்டினேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?
— ஆசிரியை ஒருவர், சாவகச்சேரி

பதில்: ரீச்சர், 'அதை அவர்களிடம் சொல்லவில்லை' என்று கடைசியில் மெல்ல நழுவவிட்டீர்களே, அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை வாசித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு.

வெள்ளி பின்னேரம் 3 மணிக்குக் காரை நிறுத்துகிறீர்கள் என்று வைப்போம். திங்கள் காலை 7 மணிக்குச் சாவி போடுகிறீர்கள். இடையில் 64 மணித்தியாலம். நிறுத்திவைத்த காரும் கொஞ்சம் மின் குடிக்கும். பூட்டு, அலாரம், மணிக்கூடு எல்லாம் விழித்திருக்க வேண்டுமே. அந்தக் குடி 0.05 அம்பியருக்குள் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 64 மணித்தியாலத்தில் 3.2 அம்பியர்-மணிதான் போகும். உங்கள் பற்றரி 40 அம்பியர்-மணி என்றால் அது ஒரு பொருட்டே அல்ல. நல்ல கார் இரண்டு கிழமை நின்றாலும் எழும்பும். ஆகவே 'ஓடாமல் வைத்திருந்தால் அப்படித்தான்' என்பது இரண்டு நாள் நின்ற புதுக் காருக்குச் சொல்லக்கூடிய பதில் அல்ல.

இனி 0.05க்குப் பதிலாக 0.4 அம்பியர் ஒழுகுகிறது என்று வைத்துப் பாருங்கள். கிழமை நாளில் இரவு 16 மணித்தியாலத்துக்கு 6.4 அம்பியர்-மணி போகும். காலையில் கார் முனகாமல் எழும்பும். சனி, ஞாயிறு தாண்டினால் 25.6 போய்விடும். பற்றரியில் பாதிக்கு மேல் காலி. உங்கள் கார் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்ததில் மர்மம் ஒன்றும் இல்லை. பற்றரியை மாற்றியது ஓட்டை வாளிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றிய மாதிரி.

இப்போது கமரா. நிறுத்திய நேரத்திலும் படம் பிடிக்கும் கமராக்களில் பல 3 முதல் 5 வாட் வரை எடுக்கும். 12 வோல்டில் அது ஏறக்குறைய 0.25 முதல் 0.4 அம்பியர். நான் மேலே போட்ட கணக்கும் இதுவும் பொருந்துவதைப் பார்க்கிறீர்கள். பூட்டியவர் வயரை எப்போதும் மின் உள்ள பியூஸில் செருகியிருந்தால் அது இரவு பகலாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆனால் நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லமாட்டேன். நீங்களே இரண்டு சனி ஞாயிறு அந்தக் கமராவின் வயரைக் கழற்றி வைத்துப் பாருங்கள்.

வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றர் ஒன்றும் வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாயில் நல்லது கிடைக்கும். மூன்று முறை கராஜுக்குப் போய்வந்த எரிபொருளை விட மலிவு. வெள்ளி இரவு, கார் நின்று நான்கைந்து மணித்தியாலம் கழித்து, பற்றரியின் இரு முனையிலும் வைத்து அளந்து எழுதுங்கள். திங்கள் காலை, கதவைத் திறக்கும் முன்பே மீண்டும் அளவுங்கள். இதற்காக வெள்ளி இரவு அளந்த பின் பொனற்றை அழுத்திப் பூட்டாமல் சும்மா சாத்தி வையுங்கள். திங்கள் காலை ஓட முன் அழுத்திப் பூட்ட மறக்கவேண்டாம். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் கம்பியூற்றர்கள் விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பும். 12.6 வோல்ட் என்றால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியதுதான்.

கமரா இல்லாமல் திங்கள் காலை கார் எழும்பினால் முகவரிடம் போகவேண்டாம். கமரா பூட்டிய கடைக்குப் போய், சாவி திருப்பினால் மட்டும் மின் வரும் பியூஸுக்கு வயரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கமரா இல்லாமலும் இறங்கினால் குற்றம் காரில். அப்போது முகவரிடம் நிமிர்ந்து போகலாம். ஆனால் கமராவைப் பற்றி முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களாகவே கண்டுபிடித்தால், 'வெளியாள் கை வைத்த வயரிங், உத்தரவாதம் செல்லாது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'கழற்றி வைத்து இரண்டு கிழமை அளந்தேன், இதோ கணக்கு' என்று கொப்பியை நீட்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

கராஜில் குறையையும் வேலையையும் எழுதும் ஜொப் கார்டில் 'பற்றரி பழுது' என்று எழுதவிடாதீர்கள். அப்படி எழுதினால் பற்றரியைத்தான் பார்ப்பார்கள், அது நல்லது என்பார்கள், திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: '64 மணித்தியாலம் நின்றபோது 12.5 வோல்டிலிருந்து 11.7க்கு இறங்கியது' என்பதுபோல. காரைக் காலையில் விட்டு மாலையில் எடுக்கவும் வேண்டாம். இது நிற்கும் காரில் வரும் நோய். ஓட்டிப் பார்த்தால் தெரியாது. இரண்டு இரவு அங்கேயே விடுங்கள்.

அவர்கள் செய்யவேண்டியது இதுதான். பற்றரியின் கழித்தல் முனைக்கும் அதன் வயருக்கும் இடையில் அம்பியர் மீற்றர் வைக்க வேண்டும். கதவின் கொளுவியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாகக் காரை நம்பவைக்க வேண்டும். கம்பியூற்றர்கள் உறங்கும்வரை அரை மணித்தியாலமோ நாற்பது நிமிடமோ பொறுத்திருக்க வேண்டும். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது மீற்றர் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பொறுமைதான் இங்கே கருவி. 'ஸ்கேனர் பூட்டினோம், ஒன்றும் காட்டவில்லை' என்றால் மயங்காதீர்கள். ஸ்கேனர் காரின் கம்பியூற்றர்கள் பதிந்த கோளாறு இலக்கங்களைத்தான் வாசிக்கும். கையுறைப் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன பல்ப், பெரும்பாலான கார்களில் எந்தக் கம்பியூற்றருக்கும் முறையிடாது. அப்படி ஒரு காரோடு நான் ஒன்றரை நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, பெட்டிக்குள் வைத்து மூடினேன். திறந்து பார்த்தால் படம் முழுக்க வெளிச்சம். மூடினாலும் அணையாத விளக்கு! சுவிச்சின் ஒரு பிளாஸ்ரிக் முனை உடைந்திருந்தது.

ஒவ்வொரு தடவையும் ஜொப் கார்டின் பிரதியை வாங்கி, திகதியும் கிலோமீற்றரும் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பொருள் எதுவானாலும், 'எதை அளந்து இதை மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். பலமுறை அடியோடு இறங்கிய பற்றரியின் ஆயுள் குறைந்திருக்கும். கோளாறு தீர்ந்தபின் அதையும் சோதித்துத் தரச் சொல்வது உங்கள் உரிமை. திருத்தும் பிள்ளையிடம் கத்தவேண்டாம், அவனுக்கு நேரம் கொடுக்காதவர் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார். அவருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் அல்லது சேவை பற்றிய முறைப்பாட்டை, பொருளை விற்ற அல்லது சேவையைச் செய்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே மூன்றாவது ஜொப் கார்டின் திகதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: அண்ணை, என்னுடையது 20 வருட வான். பிரேக் மிதித்தால் சிக்னல் விளக்கு மங்கலாக எரிகிறது. சிக்னல் போட்டால் பின்விளக்கு முழுவதும் சேர்ந்து துடிக்கிறது. பல்ப் மூன்று, பிளாஷர் ஒன்று மாற்றிவிட்டேன். மழை பெய்தால் இன்னும் மோசம்.
— வியாபாரி, காரைநகர்

பதில்: தம்பி, இனிப் பல்ப் வாங்கவேண்டாம். எர்த் போய்விட்டது.

பல்புக்குள் போன மின் வானின் உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பவேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். படலையைப் பூட்டிவிட்டால் நாங்கள் சிறுவயதில் என்ன செய்தோம்? வேலியில் பொட்டுத் தேடி, பக்கத்து வளவுக்குள்ளால் வீட்டுக்குப் போனோம். மின்னும் அதைத்தான் செய்கிறது. பிரேக் விளக்கின் எர்த் அடைபட்டதும் சிக்னல் பல்புக்குள்ளால் புகுந்து வீடு போகப் பார்க்கிறது. போகிற வழியில் அதையும் கொஞ்சம் எரியவைக்கிறது.

பொன்னாலைப் பாலத்தால் நாள்தோறும் இருமுறை போய்வருகிற வானுக்கு இது வராவிட்டால்தான் அதிசயம். இருபுறமும் உப்புத் தண்ணீர், மேலே உப்புக் காற்று. பின்விளக்குக் கூட்டிலிருந்து வரும் எர்த் வயர், அனேகமாகக் கறுப்பு, உடலில் ஒரு போல்டில் முடியும். கழற்றினால் பச்சை நிறப் பொடி இருக்கும். வெள்ளி போல இரும்பு தெரியும்வரை அரத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வசலின் பூசுங்கள். வயரின் உள்ளேயும் செம்பு பச்சையாகியிருந்தால் பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டை ஈயம் வைத்து ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் விளக்குகளைப் போட்டுவிட்டு, விளக்குக் கூட்டின் எர்த்துக்கும் பற்றரியின் கழித்தல் முனைக்கும் இடையில் அளந்து பாருங்கள். 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் இன்னும் எங்கோ அடைப்பு இருக்கிறது. எஞ்சினிலிருந்து உடலுக்கு வரும் தடித்த பின்னல் வயரையும் அதே கையோடு துப்புரவாக்குங்கள்.

நான் தொழில் பழகியது மொறிஸ் மைனரில். அதில் பற்றரியின் கூட்டல் முனைதான் உடலோடு சேரும். இன்றைக்கு உள்ளதன் தலைகீழ். தெரியாமல் வயரை மாற்றிக் கொடுத்து நான் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ரோச் பற்றரிகூடக் கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. அப்போது மாற்றுவதற்குப் பொருளே இல்லை. அதனால் அளந்து, தேய்த்து, ஒட்டித் திருத்தினோம். இப்போது கடையில் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் மூன்று பல்ப் மாற்றுகிறோம்.

கேள்வி: 15 அம்பியர் பியூஸ் ஒன்று அடிக்கடி எரிகிறது. 30 போட்டால் நிற்கும் என்கிறான் நண்பன்.
— பருத்தித்துறை

பதில்: நிற்கும். வயர் எரியும். நீலம் 15, பச்சை 30. நீலம் இருந்த இடத்தில் பச்சையைக் கண்டால் நான் அந்தக் காருக்குள் ஏறமாட்டேன்.

பியூஸ் எரிந்தால் அதைத் திட்டக்கூடாது, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. பியூஸ் இருந்த இடத்தில் 55 வாட் முன்விளக்குப் பல்ப் ஒன்றை இரண்டு வயரால் இணையுங்கள். எங்கோ வயர் காரின் உடலில் முட்டி ஷோர்ட் ஆகியிருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் 5 அம்பியருக்கு மேல் ஓடவிடாது. அப்படியே வயர்க்கட்டை ஓரிடமாக அசைத்துக்கொண்டு போங்கள். எங்கே அசைக்கும்போது பல்ப் அணைகிறதோ அங்கே வெட்டிப் பாருங்கள். காரை மாமரத்தடியில் நிறுத்துகிறீர்களா என்று எழுதவில்லை. நிறுத்தினால் முதலில் அணில் கடித்த இடத்தைத் தேடுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து மகன் ஸ்கேனர் கொண்டுவருகிறார். இனிக் கராஜுக்குப் போகத் தேவையில்லைதானே?
— ஓய்வுபெற்றவர், கொக்குவில்

பதில்: கொண்டுவரட்டும் ஐயா, நல்ல பொருள். ஆனால் அது நோயின் அறிகுறியைத்தான் சொல்லும். 'பி0562' என்று காட்டினால் மின்னழுத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். பற்றரியா, பற்றரிக்கு மின் ஏற்றும் அல்ரனேற்றரா, தளர்ந்த வயரா என்று அது சொல்லாது. அதே இலக்கத்தைப் பார்த்துவிட்டு எஞ்சின் கம்பியூற்றரையே மாற்றிய ஒருவர் என்னிடம் வந்தார். பற்றரி முனையின் நட்டு இறுகவில்லை. பத்தாம் இலக்க ஸ்பனர், அரைச் சுற்று. நான் காசு வாங்கவில்லை. வாங்க மனம் வரவில்லை.

கேள்வி: பற்றரியைச் சீமெந்து நிலத்தில் வைத்தால் மின் இறங்கிவிடுமாமே, உண்மையா?
— மாணவன், உரும்பிராய்

பதில்: மரத்தாலும் இறப்பராலும் கூடு செய்த காலத்துக் கதை. இன்றைய பிளாஸ்ரிக் கூட்டை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். மூன்று மாதம் மறந்தால் எங்கே வைத்தாலும் இறங்கும், அது வேறு கதை. நான் இன்னும் பலகையில்தான் வைக்கிறேன். குனிந்து தூக்க இடுப்பு விடுவதில்லை.