பரணில் இருக்கும் அம்மாவின் பொருள்கள்: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். அம்மா மறைந்து இரண்டு ஆண்டுகளாகியும் பரணில் கை வைக்க மனம் வரவில்லை, வீட்டுக்குள் நுழைந்தாலே மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் காகிதங்களைப் பிரித்து, மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைத் தனி உறையில் வைத்துவிட்டால், முக்கியமான எதையோ தொலைத்துவிடுவோமோ என்ற அச்சம் அடங்கி, மற்றவற்றைத் தொடத் துணிவு வரும். பட்டுப்புடவைகள் ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்போரமாக இற்றுப்போகும் என்பதால், பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். என் தாயாரின் புடவைகளில் இரண்டை வைத்துக்கொண்டு மீதியை உறவுப் பெண்களுக்குக் கொடுத்தேன். அரக்கு நிறப் புடவையைச் சித்தி மகள் உடுத்தி வந்த அன்றுதான், அழாமல் அம்மாவைப் பற்றிப் பேச முடிந்தது.

போகிக்குள் முடித்தாக வேண்டும் என்று கெடு வைக்காதீர்கள். ஞாயிறுதோறும் ஒரு பெட்டி போதும்.