ஹெரால்டு வயரிங்: ஈயமா, கிரிம்ப்பா?

கேள்வி: என்னிடம் 1968 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. பானெட்டைத் திறந்து மூடினால் சில சமயம் ஒரு பக்கம் அணைந்து, தட்டினால் திரும்ப வருகிறது. புல்லட் கனெக்டர் (வயர் நுனியில் குண்டுபோல இருக்கும் இணைப்பு முனை) எல்லாவற்றையும் மாற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் நிற்கும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். இன்ஜினீயரிங் படிக்கும் என் மகன் கிரிம்ப் செய்வதுதான், அதாவது ஈயமில்லாமல் கருவியால் அழுத்தி இறுக்குவதுதான், சரி என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் வண்டியில், அதுவும் பானெட் பக்கத்து வயர்களுக்கு, மகன் சொல்வதுதான் சரி. ஆனால் எலெக்ட்ரீஷியனைக் குறை சொல்லவும் மாட்டேன். அவர் பார்த்த கிரிம்ப்பில் பாதி, கட்டிங் பிளேயரால் நசுக்கியதாக இருந்திருக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து ஈயத்தின் மேல் நம்பிக்கை வைத்தவர்கள் நம் ஊர் பட்டறைகளில் நிறைய பேர். அவர்கள் அனுபவம் பொய்யில்லை.

சரி, பானெட்டுக்கு வருவோம். சென்னைப் பெருங்களத்தூரில் தயாரான உங்கள் ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுக்க ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். எண்ணெய் பார்க்கத் திறந்தால்கூட ஹெட்லைட் வயர்கள் ஒருமுறை வளைந்து நிமிர்கின்றன. ஐம்பது வருடத்துக்கு மேல் இப்படி வளைந்த வயர் அது. அம்பாசிடரில் ஹெட்லைட் அசையாத பாடியில் இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

வளைகிற வயரில் ஈயம் என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து ஹெட்லைட் வயர் ஒற்றைக் கம்பி அல்ல. 1 சதுர மி.மீ. வயர் என்றால் 0.30 மி.மீ. தடிமனில் 14 செம்பு இழைகள். உருகிய ஈயம் புல்லட்டோடு நிற்காது; விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே ஏறி, இன்சுலேஷனுக்கு உள்ளேயும் கொஞ்ச தூரம் போய்விடும். அது போன தூரம் வரை 14 இழைகளும் சேர்ந்து ஒரே விறைப்பான குச்சி. ஈயம் முடிகிற இடத்தில் வயர் திடீரென்று மென்மையாகிறது, வளைவெல்லாம் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. இழைகள் ஒவ்வொன்றாக அங்கேதான் அறுபடும். வெளியே இன்சுலேஷன் முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தட்டினால் எரியும், விட்டால் அணையும்.

உங்கள் வண்டியில் அணைந்து வருகிற பக்கம் இதுவாகத்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். புல்லட்டுக்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு வயரைப் பிடித்து மெதுவாக இழுங்கள். ரப்பர்போல நீண்டால் உள்ளே செம்பு போய்விட்டது.

நல்ல கிரிம்ப்பில் சூடும் இல்லை, ஈயமும் இல்லை. அழுத்தத்தில் புல்லட்டின் குழலும் வயரின் இழைகளும் உருமாறி, காற்று புகாத அளவுக்கு நெருங்கிக்கொள்கின்றன. காற்றும் ஈரமும் போகாததால் உள்ளே களிம்பு ஏறாது. புல்லட்டை விட்டு வெளியே வந்த உடனேயே வயர் பழைய மெதுமையோடு இருக்கும். கார் கம்பெனிகளும் விமானம் கட்டுபவர்களும் கிரிம்ப்பை நம்புவது செலவு மிச்சத்துக்காக மட்டும் இல்லை.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. கருவி சரியானதாக இருக்க வேண்டும். ராட்செட் உள்ள கிரிம்பிங் டூல் முழு அழுத்தம் கொடுக்கும் வரை வாயைத் திறக்காது. கை வலிக்கிறது என்று பாதியில் விட முடியாது. அதிலும் சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் போட்ட திம்பிளுக்கான (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) தாடை வேறு, பிளாஸ்டிக் இல்லாத பித்தளைப் புல்லட்டுக்கான தாடை வேறு. முதலாவதில் புல்லட்டை வைத்தால் தட்டையாகிவிடும், அப்புறம் அதைப் பிடிக்கும் உலோகக் குழாய்க்குள் நுழையாது.

புல்லட் வாங்கும்போதும் ஒரு விஷயம். உங்கள் வண்டியில் இருக்கும் லூகாஸ் (பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனி) புல்லட்டின் விட்டம் 4.7 மி.மீ. கடையில் சும்மா “புல்லட் கனெக்டர்” என்று கேட்டால் பைக் வயரிங்குக்கான ஜப்பானிய அளவு, ஏறக்குறைய 4 மி.மீ., கொடுத்துவிடுவார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உங்கள் பழைய குழாயில் போட்டால் தொளதொளவென்று ஆடும். எவ்வளவு அழகாகக் கிரிம்ப் செய்தாலும் ஹெட்லைட் மினுக்கும், பழி கிரிம்ப்பின் மேல் விழும்.

ஆனால் எதையும் வெட்டுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். மங்கலுக்குக் காரணம் புல்லட்டாக இல்லாமல், அதைப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பர் உறைக்குள் இருக்கும் உலோகக் குழாயாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். துருப்பிடித்து, வாய் விரிந்து, பிடிப்பு போயிருக்கும். எர்த்தும் அப்படித்தான். மல்டிமீட்டரைக் குறைந்த டி.சி. வோல்ட் ரேஞ்சில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, கனெக்டரின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வையுங்கள். யாரும் வயரிங்கை மாற்றாத வண்டி என்றால் நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பு சரியில்லை. ஹெட்லைட்டின் எர்த் வயருக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவிலும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

இணைப்பில் சின்னத் தடை பெரிய விஷயமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு 55 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.1 ஓம் தடை ஒன்று உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போச்சு. வோல்ட்டேஜ் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாக வெளிச்சம் குறையும். இந்த அளவு இழப்புக்கே ஏறக்குறைய கால்வாசி வெளிச்சம் காணாமல் போகும். அதோடு விரல்நுனி அளவு கனெக்டருக்குள் 8 வாட் சூடு. அந்தக் கால லூகாஸ் வயரிங்கில் ஹெட்லைட்டுக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஹாலஜன் பல்பு போட்டிருந்தால் ஒரு ரிலேயும் (சுவிட்சுக்குப் பதிலாக விளக்கின் மின்சாரத்தைத் தாங்கும் கருவி) ஃபியூஸும் சேர்த்துவிடுவது நல்லது. பழைய சுவிட்சும் தப்பிக்கும்.

வேலை செய்யும்போது வயரைப் பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டுங்கள். உள்ளே கறுத்த செம்பில் ஈயமும் பிடிக்காது, கிரிம்ப்பும் நிற்காது. வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தால் அந்த வயரையே மாற்றுங்கள். இன்சுலேஷன் உரிக்கும்போது இழை அறுபடக் கூடாது. 14-ல் இரண்டு போனாலே ஏழில் ஒரு பங்கு போயிற்று. கிரிம்ப் செய்ததும் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். வந்தால் இப்போதே வரட்டும். கடைசியாக, பானெட் கீல் பக்கம் வயரைக் கொஞ்சம் தளர்வாக வளையம்போல விட்டு, கனெக்டருக்கு இரண்டு பக்கமும் கிளிப் போட்டுவிடுங்கள். வளைவு வளையத்தில் விழ வேண்டும், கனெக்டர் வாயில் விழக் கூடாது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஈயமா கிரிம்ப்பா என்பதைவிட இந்த கிளிப்தான் முக்கியம்.

அப்படியானால் ஈயமே வேண்டாமா? நுனியில் ஓட்டை உள்ள பழைய லூகாஸ் புல்லட் ஈயம் வைப்பதற்கென்றே செய்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால், வயர் அசையாத இடத்தில், அவை நன்றாக இருந்தால் கையே வைக்காதீர்கள். மீட்டருக்கு உள்ளேயும் பல்பு ஹோல்டர் முனைகளிலும் ஈயம்தான் சரி. 60/40 ஈயக்கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்), ரோசின் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்), நன்றாகச் சூடேறிய அயர்ன்; சட்டென்று வைத்து எடுக்க வேண்டும். தயங்கித் தயங்கிச் சுட்டால்தான் ஈயம் வெகுதூரம் ஏறும். ரேடியேட்டர் பற்றவைக்கும் ஆசிடைப் பட்டறையில் எடுத்துத் தடவிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை. அது அங்கேயே தங்கிச் செம்பை அரிக்கும்.

“கிரிம்ப் பண்ணி, மேலே ஒரு சொட்டு ஈயமும் வைத்துவிடலாம்” என்று யாராவது சமாதானம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈயம் ஏறி வயர் விறைக்கும், கிரிம்ப் செய்ததன் பயன் போயிற்று. வயருக்கு முதலில் ஈயம் பூசி அப்புறம் கிரிம்ப் செய்வது இன்னும் மோசம். ஈயம் மென்மையான உலோகம். அழுத்தத்தில் நாளாக நாளாக நகர்ந்து கொடுத்து, பிடிப்பு தளரும்.

உங்கள் எலெக்ட்ரீஷியனிடம் சரியான தாடையுள்ள ராட்செட் டூல் இல்லை, வாங்கவும் வழியில்லை என்றால், அவரை நன்றாகத் தெரிந்த ஈய வேலையையே செய்ய விடுங்கள். ஆனால் புல்லட்டுக்குப் பின்னால் ஈயம் ஏறிய தூரத்தையும் தாண்டி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போட்டு, கிளிப்பால் அசையாமல் கட்டச் சொல்லுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டாம். கோவை வெயிலுக்கே பசை உருகி வழியும். மட்டமான கிரிம்ப்புக்கு இப்படிச் செய்த ஈய வேலை எவ்வளவோ மேல்.

டெயில் லைட் பக்கம் மட்டும் ஈயத்துக்குச் சம்மதிக்காதீர்கள். ஹெரால்டின் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே சூடான அயர்னைக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. கிரிம்ப் செய்வதென்றாலும் முதலில் பேட்டரியைக் கழற்றி, டிக்கியைத் திறந்துவைத்து, பெட்ரோல் வாசனை போன பிறகு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.