பிளே ஸ்கூலில் சேர்த்த நாளிலிருந்து சளி விடவே இல்லை

குழந்தை நலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

ஜூனில் பள்ளி திறந்தால், ஆகஸ்டிலிருந்து எனக்கு ஒரே மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறையும் வந்தவற்றில் பாதிக்கு மேல் சளி, இருமல், காய்ச்சல்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

"டாக்டர், என் மகளுக்கு 2 வயது 3 மாதம். ஜூனில் பிளே ஸ்கூலில் சேர்த்தோம். அதுவரை தடுப்பூசி போட மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். இந்த 4 மாதத்தில் 5 தடவை சளி, காய்ச்சல். 4 தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். 'நல்லா இருந்த பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு நோயாளி ஆக்கிட்டே' என்று மாமியார் சொல்கிறார். எதிர்ப்பு சக்தி குறைவா? பள்ளியை நிறுத்திவிடலாமா?"
ஒரு வாசகி, ஈரோடு

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. குழந்தைக்கும் எந்தக் குறையும் இருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

சளி உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கு மேல் இருக்கின்றன. ரைனோ வைரஸ் என்ற ஒரே குடும்பத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகை. ஒன்று வந்து போனால் அதை உடம்பு அடையாளம் வைத்துக்கொள்ளும், ஆனால் அடுத்து வருவது வேறு ஆள். இரண்டே கால் வயது வரை உங்கள் மகள் பார்த்தது வீட்டில் உள்ள நாலு பெரியவர்களைத்தான். இப்போது ஒரே அறையில் 15 குழந்தைகள், எல்லோரும் ஒரே பிளாஸ்டிக் யானையின் தும்பிக்கையைக் கடிக்கிறார்கள். முதல் வருடத்தில் 8 தடவை, 10 தடவை, சில குழந்தைகளுக்கு 12 தடவைகூட சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் இருக்கும், இருமல் மட்டும் 2, 3 வாரம் இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 10 தடவை, தடவைக்கு 10 நாள் என்றாலே வருடத்தில் 100 நாள் மூக்கு ஒழுகும். அதுவும் வருடம் முழுக்கப் பரவலாக வராது, பள்ளி திறந்ததிலிருந்து மழைக்காலம் முடியும் வரை நெருக்கி நெருக்கி வரும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொற்றிக்கொள்வதால், 'ஒரே சளிதான் ஜூனிலிருந்து விடவில்லை' என்று நமக்குத் தோன்றுகிறது.

பள்ளியை நிறுத்தினால் சளி குறையும், சந்தேகமே இல்லை. ஆனால் எல்.கே.ஜி. போகும்போது இதே கதை ஆரம்பிக்கும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்தில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கவனித்து, 2002-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய டே கேரில் வளர்ந்த குழந்தைகளுக்கு 2 வயதில் சளி அதிகம், 6 வயதிலிருந்து 11 வயது வரை வீட்டில் வளர்ந்தவர்களைவிடக் குறைவு, 13 வயதில் இரண்டு பக்கமும் சமம். இதை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். பேத்தி படும் பாட்டைப் பார்க்க முடியாமல்தான் அவரும் பேசுகிறார்.

எனக்குக் கவலையாக இருப்பது அந்த 4 ஆன்டிபயாடிக். வைரஸை அது ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகிவிட்டது, பச்சையாகிவிட்டது என்று சொல்லித்தான் பெரும்பாலும் கேட்டு வாங்குகிறார்கள், அல்லது எழுதிக் கொடுக்கிறார்கள். சாதாரண சளியே மூன்று நாலு நாளில் கெட்டியாகி நிறம் மாறும், உடம்பின் வெள்ளையணுக்கள் அங்கே வேலை செய்கின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம். காதுக்குள் சீழ், நிமோனியா, 10 நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையாத சளி, இப்படிச் சில இடங்களில் ஆன்டிபயாடிக் தேவைப்படும். மற்றபடி அது வயிற்றைக் கலக்கி, இருக்கிற நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டுப் போகும். அடுத்த தடவை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், 'இது வைரஸ் காய்ச்சல்தானே, ஆன்டிபயாடிக் இல்லாமல் இரண்டு நாள் பார்க்கலாமா?' என்று. இப்படிக் கேட்கும் அம்மாக்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தேவை என்று டாக்டர் காரணம் சொல்லிக் கொடுத்தால், சொன்ன நாட்கள் முழுவதும் கொடுத்து முடியுங்கள், காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த சளிக்கு என்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

சரி, எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே குறைவு என்று எப்போது சந்தேகப்பட வேண்டும்? ஒரே வருடத்தில் 2 தடவை நிமோனியா, ஒரே வருடத்தில் 4 தடவை அல்லது அதற்கு மேல் காதில் சீழ், திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்காமல் போவது, எடை ஏறாமல் நிற்பது, குடும்பத்தில் கைக்குழந்தைகள் தொற்றால் இறந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதனை செய்ய வேண்டும். வாயைத் திறந்தே தூங்குவது, குறட்டை விடுவது இருந்தால் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையைப் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையிலேயே எடையையும் எழுதி வாருங்கள். இந்த வயதில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ ஏற வேண்டும். காய்ச்சலில் அரை கிலோ குறைந்தாலும், இரண்டு சளிக்கு நடுவில் சாப்பிட்டு, ஓடி விளையாடி அதை மீட்டுக்கொள்கிறாள் என்றால் பயப்படாதீர்கள்.

"மேடம், ராத்திரியில் நெஞ்சில் 'கர்ர் கர்ர்' என்று சத்தம். சளி நெஞ்சில் கட்டிவிட்டதோ என்று பயந்து மூன்று தடவை நடுராத்திரியில் ஓடினோம். மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்றார்கள். எப்போது ஓட வேண்டும், எப்போது விடியும் வரை இருக்கலாம்?"
ஒரு வாசகர், மதுரை

ஓடினது தப்பில்லை. ஆனால் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை நம்புங்கள். மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் சளியே நெஞ்சு முழுக்க அதிரும்படி சத்தம் போடும், நெஞ்சில் கை வைத்தால் உள்ளங்கையில் தெரியும்.

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக மடியில் இருக்கும்போதோ சட்டையைக் கழுத்து வரை தூக்கிவிட்டு, விளக்கைப் போட்டு, வயிறும் நெஞ்சும் சேருமிடத்தைப் பாருங்கள். மேலே எழும்பினால் ஒரு மூச்சு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, ஏனென்றால் குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. 1 வயது முதல் 5 வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. 2 மாதம் முதல் 1 வயது வரை 50. உலக சுகாதார நிறுவனம் கிராமத்து சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கணக்கு இது, உங்களாலும் முடியும். காய்ச்சல் கொதிக்கும்போது மூச்சும் வேகமாகத்தான் இருக்கும், அதனால் மருந்து கொடுத்துச் சூடு இறங்கிய பிறகு இன்னொரு தடவை எண்ணுங்கள். எண்ணும்போதே இன்னொன்றையும் பாருங்கள், மூச்சை இழுக்கும்போது கடைசி விலா எலும்புக்குக் கீழே சதை குழி விழுந்து உள்ளே போகிறதா? போனால் எண்ணி முடிக்கவே வேண்டாம், கிளம்புங்கள்.

உதடு நீலம் பாரித்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, எதையும் குடிக்காமல் 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ அப்படித்தான், விடியும் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் 3 நாள் தாண்டினால் பகலிலேயே காட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் டெங்குவும் கூடவே சுற்றுகிறது, அதில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தே ஆரம்பிக்கும். காய்ச்சல் இறங்கியும் குழந்தை சோர்ந்து, வயிறு வலிக்கிறது என்று அழுது, வாந்தி எடுத்தால் உடனே போங்கள்.

"என் பேரனுக்கு 1 வயது 8 மாதம், 12 கிலோ. மெடிக்கலில் கேட்டால் இருமல் மருந்து தருகிறார்கள். கற்பூரவள்ளி, சாம்பிராணி, சூடம் போட்ட தேங்காய் எண்ணெய் என்று நான் செய்தால் மருமகள் தடுக்கிறாள். எது சரி?"
ஒரு பாட்டி, திருநெல்வேலி

அம்மா, இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் கலந்திருந்தது. அந்த அக்டோபரிலேயே மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து எழுதவும் கூடாது, தரவும் கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மருந்து சுத்தமாகவே இருந்தாலும் இந்த வயதுக் குழந்தைகளுக்கு அதனால் பலன் இல்லை, தூக்கமும் படபடப்பும்தான் மிச்சம்.

உங்கள் வைத்தியத்தில் கற்பூரவள்ளியை நான் தடுக்க மாட்டேன். இரண்டு இலையை வாட்டிப் பிழிந்து அரை ஸ்பூன் தேனில் கொடுங்கள். 1 வயது தாண்டிய குழந்தைக்கு, படுக்கும் முன் கொடுக்கும் தேன் ராத்திரி இருமலைக் குறைக்கும். 1 வயதுக்குக் கீழே தேன் நாக்கில் தொட்டு வைப்பதுகூட ஆபத்து. சூடத்தில் மருமகள் சொல்வதைக் கேளுங்கள். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் வலிப்பை வரவழைக்கும், தவறி வாயில் போட்டால் இன்னும் மோசம். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும். ஆவி பிடிக்க வைக்கப் போய் வெந்நீர் மேலே கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், அதையும் விட்டுவிடுங்கள். மூக்கு அடைத்தால் மெடிக்கலில் உப்புத் தண்ணீர் சொட்டு மருந்து கிடைக்கும், பால் குடிக்கும் முன்னும் தூங்கும் முன்னும் இரண்டு சொட்டு போதும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆனால் ஸ்பூன் கணக்கில் கொடுக்காதீர்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம், பேரனுக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 7.5 மில்லி. 5 மில்லிக்கு 250 என்றால் 3.6 மில்லிதான். சொட்டு மருந்து 1 மில்லிக்கே 100, அதில் 1.8 மில்லி. மூன்றுக்கும் டப்பா பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அங்கேதான் தப்பு நடக்கிறது. மருமகளை அந்த எண்ணை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். 6 மணி நேர இடைவெளி விடுங்கள், நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம்.

"நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். லீவெல்லாம் முடிந்துவிட்டது. மூக்கு ஒழுகினாலே கூட்டி வராதே என்கிறார்கள் பள்ளியில். எந்த நிலையில் அனுப்பலாம்?"
ஒரு வாசகி, திருப்பூர்

மூக்கு ஒழுகுவதற்காக மட்டும் நிறுத்தச் சொன்னால், எந்தக் குழந்தையும் மார்ச் வரை பள்ளிக்குப் போக முடியாது. அதனால் பரவுவதும் பெரிதாகக் குறையாது, மூக்கு ஒழுகுவதற்கு முந்தின நாளே குழந்தை வைரஸைப் பரப்ப ஆரம்பித்துவிடும். சாப்பிட்டு, விளையாடுகிற குழந்தையை அனுப்பலாம். காய்ச்சல் என்றால் மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் 100.4-க்குக் கீழே இருக்க வேண்டும். காலை 8 மணிக்குப் பாராசிட்டமால் ஊற்றி அனுப்புவது எதனால் என்று எனக்குத் தெரியும், ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆனால் 12 மணிக்கு உங்களுக்கு போன் வரும், அதற்குள் அந்த அறையில் இன்னும் ஐந்தாறு பேருக்குப் பரவியிருக்கும். வாந்தி, பேதி நின்று ஒரு நாள் ஆக வேண்டும். அம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்ட வேண்டும்.

லீவை நீங்கள் மட்டுமே எடுக்க வேண்டும் என்றும் இல்லை, அடுத்த காய்ச்சலுக்குக் குழந்தையின் அப்பா எடுக்கட்டும். அப்புறம், உங்கள் கம்பெனியில் 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும். நாளுக்கு 4 தடவை அம்மா போய்ப் பார்த்து வரவும் அனுமதி உண்டு. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதி இது. நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள்.

பள்ளியிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. ஒரு பிளே ஸ்கூலுக்குப் பேசப் போயிருந்தேன். வாசலில் ஒரு ஆணியில் நீலத் துண்டு ஒன்று தொங்கியது, ஓரமெல்லாம் விறைத்துப்போய். ஆயாம்மா அந்த ஒரே துண்டால் வரிசையாக எல்லாக் குழந்தைக்கும் மூக்கைத் துடைத்து, அதே துண்டில் தன் கையையும் துடைத்துக்கொண்டு சாதம் ஊட்டப் போனார். அவர் பாசமாகத்தான் செய்தார், யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் பள்ளியில் துடைக்க என்ன வைத்திருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்கிறார்களா, ஜன்னலைத் திறக்கிறார்களா அல்லது ஏ.சி. போட்டு அடைத்து வைக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

"கை, கால், வாயில் கொப்புளம் வந்து சரியாகி ஒரு மாதம் கழித்து, மகனுக்கு விரல் நகம் கழன்று விழுகிறது."
ஒரு வாசகி, கோவை

கை கால் வாய் நோய்க்குப் பிறகு சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும். வலிக்காது, கீழே புது நகம் வளர்ந்துகொண்டிருக்கும். மருந்து வேண்டாம், பிய்த்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் மலத்தில் பல வாரம் வெளியேறும், அதனால் கழுவிவிட்ட பிறகு உங்கள் கையைச் சோப்பால் கழுவுங்கள், சானிடைசர் இதற்குப் போதாது.

"எதிர்ப்பு சக்திக்கு எந்தப் பவுடர் நல்லது?"
ஒரு வாசகர், சென்னை

எதுவும் வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை, சுண்டல், கொய்யாப்பழம் வாங்குங்கள், பாலை நாளுக்கு 500 மில்லிக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் பால் குடிக்கிற குழந்தை சாப்பாட்டைத் தொடாது, இரும்புச்சத்து குறையும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைக்கு ஹீமோகுளோபின் ஒரு தடவை பார்ப்பது நல்லது. ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுவிடுங்கள், எல்லாச் சளியையும் அது தடுக்காது, ஆனால் ஃப்ளூ வந்தால் ஒரு வாரம் குழந்தையைப் புரட்டிப் போட்டுவிடும். முதல் தடவை போடும்போது 4 வார இடைவெளியில் 2 ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் 2 ஊசியும் முடிந்திருந்தால் நல்லது, இந்த வருடம் தவறியிருந்தால் இப்போதே போடலாம்.